யோகா டீச்சருக்கு மாசம் எவ்வளவு நிக்கும்? கோயமுத்தூர் பக்கத்துக் கணக்கு

யோகா சர்டிஃபிகேட் வாங்கிட்டா மாசம் எவ்வளவு வருங்கன்னு வாரத்துக்கு ஒருத்தராவது கேக்கறாங்க, பெரும்பாலும் குழந்தை ஸ்கூலுக்கு போக ஆரம்பிச்ச பொம்பளைங்க, இல்லீனா மில்லுலயோ ஐடிலயோ வேலை பாத்து சலிச்சுப் போன பசங்க. வர்றது வேற, கையில நிக்கறது வேறங்க. நான் 12 வருஷமா வடவள்ளில சொல்லித் தர்றேன், கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சின்னு கூடப் படிச்சவங்க, பழகினவங்க ஒரு முப்பது பேரோட பாடு எனக்கு தெரியும், அதை வெச்சு சொல்றேன்: எல்லாச் செலவும் போக மொத வருஷம் மாசம் 8,000லருந்து 15,000 நின்னா அது நல்ல தொடக்கம், நாலஞ்சு வருஷம் ஒரே ஏரியாவுல ஊனி நின்னவங்களுக்கு 25,000லருந்து 40,000, அதுக்கு மேல போனவங்க எங்க கூட்டத்துல ரெண்டு மூணு பேர்தான், அவங்களும் வெறும் க்ளாஸ் எடுத்து அங்க போகல. இது சர்வே இல்லீங்க, கண்ணால பாத்தது.

இண்டர்நெட்ல தேடினா வேற நம்பர் வரும். அமெரிக்காவுல அரசாங்கத்தோட தொழிலாளர் புள்ளிவிவரத் துறை யோகா டீச்சரையும் ஃபிட்னஸ் ட்ரெயினர் கணக்குலதான் சேக்குது, 2023 மே கணக்குப்படி அவங்க வருஷ சம்பளத்தோட நடு மதிப்பு 46,480 டாலர், அதாவது பாதிப் பேர் அதுக்கு மேல, பாதிப் பேர் அதுக்கு கீழ. இதை அப்படியே ரூபாய்ல பெருக்கிப் போட்டு கோர்ஸ் விளம்பரம் பண்றவங்க இருக்காங்க. அந்த ஊர் வாடகை, அந்த ஊர் இன்சூரன்ஸ் செலவெல்லாம் வெச்சு வந்த நம்பர் அது, நம்மூர்ல ஒரு மாடி ஹால்ல பாய் விரிச்சு நடத்தற க்ளாஸுக்கும் அதுக்கும் ஒட்டே இல்லை, அதை பாத்துட்டு நகை அடகு வெச்சு ஃபீஸ் கட்டின ஒரு அம்மிணிய எனக்கு தெரியும், அதனாலதான் இவ்வளவு தூரம் எழுதறேன்.

மொதல்ல சர்டிஃபிகேட். எல்லாரும் சொல்ற 200 அவர்ங்கறது அமெரிக்காவுல இருக்கற யோகா அலையன்ஸ்னு ஒரு சங்கத்தோட வழக்கம். அவங்க பரீட்சை வெச்சு யாரையும் பாஸ் பண்றதில்ல, அவங்ககிட்ட பதிவு பண்ணின ஸ்கூல்ல 200 மணி நேரம் படிச்சவங்கள பட்டியல்ல சேத்துக்கறாங்க, அதுக்கு டாலர்ல வருஷக் கட்டணம். வெளிநாட்டு ஸ்டுடியோ, கப்பல், ரிசார்ட்னு போறவங்களுக்கு அது உதவும். நம்ம நாட்டுல 2015ல முதல் யோகா தினம் வந்த சமயத்துல குவாலிட்டி கவுன்சில்னு தரம் பாக்கற ஒரு தேசிய அமைப்பு ஒரு சான்றிதழ் திட்டம் கொண்டு வந்தாங்க, அப்பறம் 2018ல ஆயுஷ் அமைச்சகத்துக்கு கீழ யோகா சர்டிஃபிகேஷன் போர்டு, சுருக்கமா ஒய்சிபி, வந்துது. அதுல டீச்சர் வரிசைல மொத படி யோகா புரோட்டோகால் இன்ஸ்ட்ரக்டர், அடுத்தது வெல்னஸ் இன்ஸ்ட்ரக்டர், அதுக்கு மேல டீச்சர் அண்டு இவேல்யுவேட்டர், கடைசியா மாஸ்டர். பாட நேரம் 200, 400, 800, 1,600ன்னு இரட்டிச்சுக்கிட்டே போகும். இதுல நல்ல விசயம் என்னன்னா கோர்ஸ் எங்க படிச்சீங்கன்னு பாக்காம நேரா பரீட்சை எழுதலாம், தியரியும் உண்டு, செஞ்சு காட்டறதும் உண்டு. வருசக்கணக்கா மனவளக்கலை மன்றத்துலயோ குருகிட்டயோ பழகினவங்க பெரிய ஃபீஸ் கட்டாம இந்த வழில போகலாம், இதை யாரும் எடுத்துச் சொல்றதில்ல, ஏன்னா சொன்னா கோர்ஸ் விக்காது.

இது போக அண்ணாமலை பல்கலைக்கழகம் யோகா டிப்ளமோ குடுக்குது, ஆழியாறுல வேதாத்திரி மகரிஷி அமைப்புல பல்கலைக்கழகங்களோட சேந்து டிப்ளமோலருந்து எம்.ஏ. வரைக்கும் இருக்கு, வெள்ளியங்கிரி அடிவாரத்துல ஈஷாவுல 21 வாரம் அங்கயே தங்கிப் படிக்கற ஹட யோகா டீச்சர் ட்ரெயினிங். பி.என்.ஒய்.எஸ்.ங்கற இயற்கை மருத்துவ, யோகா பட்டம் வேற சங்கதி, அது அஞ்சரை வருஷ டாக்டர் படிப்பு, இந்தக் கணக்குல அதை சேக்கக் கூடாது.

எந்த சர்டிஃபிகேட் எங்க காசாகும்னு கேட்டா, அரசாங்க வாசல்லதான் பேப்பரப் பாக்கறாங்க. ஆயுஷ் ஹெல்த் அண்ட் வெல்னஸ் சென்டர்களுக்கு பகுதி நேர யோகா இன்ஸ்ட்ரக்டர் எடுக்கும்போது ஆண்களுக்கு மாசம் 32 வகுப்புக்கு 8,000, பெண்களுக்கு 20 வகுப்புக்கு 5,000னு வெச்சிருக்காங்க. பாத்தா பொம்பளைங்களுக்கு கம்மியாத் தெரியும், ஆனா பிரிச்சுப் பாத்தா ரெண்டும் ஒரு மணி நேரத்துக்கு 250 ரூபாய்தான், வகுப்புதான் கம்மியாக் குடுத்திருக்காங்க. கேந்திரிய வித்யாலயாவுல ஒப்பந்தத்துல எடுக்கற யோகா டீச்சருக்கு 21,250 தொகுப்பூதியம்னு அறிவிப்பு வந்திருந்துச்சு, அதுக்கு ஒரு டிகிரியும் அங்கீகாரம் உள்ள எடத்துல ஒரு வருஷ யோகா படிப்பும் வேணும், வெறும் 200 அவர் பத்தாது. கோயமுத்தூர்லயும் சூலூர்லயும் கேவி இருக்கு, கல்வியாண்டு தொடங்கறதுக்கு முன்னாடி நேர்காணல் அறிவிப்பு வரும், அந்த ஒப்பந்தம் அந்த வருஷத்தோட சரி, அடுத்த வருஷம் மறுபடியும் போய் வரிசைல நிக்கோணும். பல்கலைக்கழகத்துல பாடம் எடுக்கோணும்னு இருக்கறவங்களுக்கு 2017லருந்து யுஜிசி நெட்லயே யோகா ஒரு பாடமா வந்திருக்கு, எம்.எஸ்ஸி. யோகா முடிச்ச பசங்க அதைக் கண்டிப்பா எழுதுங்க.

தனியார் ஸ்கூல்ல நெலமை ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும். நான் ரெண்டு வருஷம் ஒரு ஸ்கூல்ல இருந்தேன், பேர் வேண்டாம், வாரத்துக்கு 22 பீரியடு, அதோட ஆண்டு விழாவுக்கு பசங்கள வெச்சு மனித பிரமிடு கட்டச் சொல்லி ரெண்டு மாசம் பொழுதோட ஆறு மணி வரைக்கும் நிறுத்தி வெச்சாங்க, சம்பளம் 11,000, ஏப்ரல், மே ரெண்டு மாசமும் கெடையாது. வருஷத்துக்கு 1,10,000, அதை 12ஆல வகுத்துப் பாருங்க, மாசம் 9,200 கூட வரல. ஸ்கூல் வேலைக்கு போறவங்க சேரறப்பவே லீவு மாசத்துக்கு சம்பளம் உண்டான்னு எழுத்துல வாங்கிக்கோங்க. நான் வாங்கல.

இனி நம்ம கொங்கு நாட்டுக்குன்னே இருக்கற விசயத்துக்கு வர்றேன், சம்பளக் கணக்கு இங்கதான் உண்மையா முடிவாகுது. வேதாத்திரி மகரிஷி 1911ல கூடுவாஞ்சேரில நெசவாளர் குடும்பத்துல பொறந்தவர், 1958ல உலக சமுதாய சேவா சங்கத்த ஆரம்பிச்சவர், அவரோட அறிவுத் திருக்கோயில் அமைஞ்சது பொள்ளாச்சிக்கு பக்கத்துல ஆழியாறுல. அவர் 2006ல மறைஞ்சாரு, ஆனா அவரோட யோகா முறையச் சொல்லித் தர்ற மனவளக்கலை மன்றம் இல்லாத ஊர் இந்தப் பக்கம் அபூர்வம். கைப்பயிற்சி, கால் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, மகராசனம், உடம்பைத் தேய்ச்சு விடறது, அக்குபிரஷர், தளர்வுன்னு ஒரு வரிசை, தறி ஓட்டறவங்க, மளிகைக் கடைக்காரங்க, ரிட்டையர் ஆன வாத்தியார்னு யார் வேணா செய்யற மாதிரி அவர் கோத்துக் குடுத்தது. என்ற அப்பா கோபில மன்றத்துக்கு வெடியால அஞ்சு மணிக்கு போய்ட்டு வந்துதான் கடை தொறப்பாரு, நான் அங்க திண்ணைல உக்காந்து பாத்துதான் யோகாவே கத்துக்கிட்டேன், பின்னாடி அங்க சொல்லித் தர்றவங்களுக்குன்னு இருக்கற அருள்நிதி பயிற்சியும் முடிச்சேன். அங்க சொல்லித் தர்றவங்க யாரும் அதை வெச்சு பொழப்பு நடத்தல. ஒருத்தர் பேங்க்ல இருந்தாரு, ஒருத்தருக்கு தென்னந்தோப்பு, ஒரு அம்மா டீச்சரா இருந்து பென்ஷன் வாங்கறவங்க. தொண்டாத்தான் செஞ்சாங்க, கட்டணம் பேருக்குத்தான். அந்த மனுசங்களாலதான் இந்த ஜில்லாக்கள்ல லட்சக்கணக்கான வீட்டுக்குள்ள யோகா போயிருக்கு, அந்த நன்றி எனக்கு சாகற வரைக்கும் இருக்கும்.

ஆனா அந்த முறை எதனால நின்னுதுன்னு புரிஞ்சுக்கோணும். சொல்லித் தர்றவருக்கு வேற வருமானம் இருந்ததால நின்னுது. வேற வருமானம் இல்லாம, இதையே தொழிலா எடுத்து, வாடகை கட்டி, குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய ஒரு பொண்ணுகிட்ட வந்து "ஏனுங் டீச்சர், மன்றத்துல சும்மாவே சொல்லித் தர்றாங்கள்ல, நீங்க 1,200 கேக்கறீங்க"ன்னா அவ என்ன பதில் சொல்லுவா? மொத ரெண்டு வருஷம் நான் பதில் சொல்லாம 700 ரூபாய்க்கு எறங்கிட்டேன். யோகான்னா சேவை, அதுக்கு காசு கேக்கறது பாவம்னு மனசுக்குள்ள ஒண்ணு இருந்துச்சு. அதே மனுசர் ஜிம்முக்கு மாசம் 1,500 கட்டுவாரு, பையனுக்கு பாட்டு க்ளாஸுக்கு 1,000 கட்டுவாரு. இந்தப் பக்கத்துல ஃபீஸ் கம்மியா இருக்கறதுக்கு சனங்க கையில காசில்லாதது காரணம் இல்லீங்க, யோகாவுக்கு ஒரு வெலை உண்டுன்னு நாமளே நம்பாததுதான் பாதிக் காரணம். வேணும்கற ஆள் மன்றத்துக்கு தாராளமா போகலாம், நானே எத்தனையோ பேர அனுப்பி வெச்சிருக்கேன், அது வேற வேலை, 14 பேர் பேட்ச்ல ஒவ்வொருத்தர் முட்டியையும் இடுப்பையும் பாத்துத் திருத்தறது வேற வேலை.

ஜூன் 21, யோகா தினம் வந்தா இது இன்னும் நல்லாத் தெரியும். காலேஜ், மில்லு, கிளப்பு, அபார்ட்மெண்ட்னு நாலு எடத்துல கூப்புடுவாங்க, ஒரு சால்வை, ஒரு ஃபோட்டோ, ஒரு டிஃபன். மைக் செட்டுக்காரருக்கு காசு, பந்தல்காரருக்கு காசு, மேடைல நின்னு ஒரு மணி நேரம் 300 பேருக்கு சொல்லித் தர்றவருக்கு மட்டும் கெடையாது. இப்ப நான் ஒரு அரசு ஸ்கூலுக்கு மட்டும் சும்மா போறேன், மத்த எடத்துக்கு 2,500 சொல்றேன், பாதிப் பேர் சரின்னு குடுக்கறாங்க, கேட்டதே இல்லைங்கறதுனாலதான் இத்தனை நாள் குடுக்கலன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

அடுத்தது நேரம். ஐடில வேலை பாக்கறவருக்கு நாளைக்கு எட்டு மணி நேரம் விக்கறதுக்கு இருக்கு, யோகா டீச்சருக்கு அது கெடையாது. வெறும் வயித்தோட செய்யோணும், வேலைக்கு முன்னாடி செய்யோணும், அதனால வெடியால அஞ்சரைலருந்து எட்டரை, பொழுதோட அஞ்சரைலருந்து எட்டு, அவ்வளவுதான் விக்கற நேரம். நடுவுல பத்து மணிக்கு வீட்டுப் பொம்பளைங்க பேட்ச் ஒண்ணு போடலாம், அது நோம்பி, கல்யாணம், ஒறம்பர வந்தாச்சுன்னு அடிக்கடி ஒடையும். ஆக ஒரு நாளைக்கு நாலு க்ளாஸுக்கு மேல ஒரு ஒடம்பு நல்லா எடுக்க முடியாது, அஞ்சாவது க்ளாஸ்ல தொண்டையும் போகும், கவனமும் போகும். இந்த நாலு மணி நேரத்த யார்கிட்ட என்ன வெலைக்கு குடுக்கறீங்கங்கறதுதான் உங்க சம்பளம்.

ஜிம்முலயோ ஸ்டுடியோவுலயோ க்ளாஸுக்கு இவ்வளவுன்னு போனா, இந்த ஊர்ல புதுசா வர்றவங்களுக்கு 300 ரூபாய் குடுக்கறாங்க, கை பழகினவங்களுக்கு 500. நாளைக்கு ரெண்டு க்ளாஸ், மாசம் 26 நாள், 300 வீதம் 15,600. வாடகைத் தலைவலி இல்லை, ஆள் சேக்கற வேலை இல்லை, மொத வருஷத்துக்கு இது நல்ல எடம்னு நான் சொல்லுவேன், ஏன்னா பலவிதமான ஒடம்பு கண்ணுக்கு முன்னாடி வரும்.

சொந்த ஹால் எடுத்தா கணக்கு எப்படின்னா, வெடியால ரெண்டு பேட்ச், பொழுதோட ஒண்ணு, பேட்சுக்கு 12 பேர், ஆளுக்கு 1,200ன்னு வெச்சா 36 பேருக்கு 43,200 வரோணும். பேப்பர்ல வரும். ஜனவரில 36 பேர் சேருவாங்க, மார்ச்ல பரீட்சை, ஏப்ரல்ல லீவு, ஆடி நோம்பி, மார்கழிக் குளிருன்னு வருஷ சராசரி 28 நிக்கும், அப்ப 33,600. அதுல வாடகை 12,000, கரண்டு 1,500, கூட்டித் தொடைக்க, பாய், விளக்குன்னு 1,500 போனா 18,600. இதுக்கு முன்னாடி ஹால்காரர் பத்து மாச அட்வான்ஸ் வாங்கியிருப்பாரு, அந்த 1,20,000 உங்க காசு, வட்டியில்லாம அவர்கிட்ட கெடக்கும். அதனால மொத வருஷமே ஹால் புடிக்காதீங்க. மொட்டை மாடி, அபார்ட்மெண்ட் கம்யூனிட்டி ஹால், கல்யாண மண்டபத்துல காலியாக் கெடக்கற டைனிங் ஹால், வெடியால மட்டும் குடுக்கற டான்ஸ் க்ளாஸ் எடம்னு தேடினா கெடைக்கும். என்ற மொத ஹால்காரர்கிட்ட வெடியால மூணு மணி நேரத்துக்கு மட்டும் கேட்டேன், "சரி அம்மிணி, எப்படியும் பூட்டித்தான் கெடக்குது"ன்னு 4,000க்கு விட்டாரு, அந்த ஒரு முடிவுதான் என்னை இந்தத் தொழில்ல நிக்க வெச்சுது.

வீட்டுக்கே போய் சொல்லித் தர்றதுல மணிக்கு காசு கூட, 500லருந்து 1,000 வரைக்கும் குடுக்கறாங்க. திங்கள், புதன், வெள்ளி ரெண்டு வீடு, செவ்வாய், வியாழன், சனி வேற ரெண்டு வீடு, மாசம் 12 தடவை, 600 ரூபாய்னா வீட்டுக்கு 7,200, நாலு வீட்டுக்கு 28,800. கேக்க நல்லா இருக்கும், ஆனா ரேஸ்கோர்ஸ் ஒண்ணு, சரவணம்பட்டி ஒண்ணுன்னு வாங்கினீங்கன்னா பாதி நேரம் சிக்னல்லதான் நிப்பீங்க, ஒரே ஏரியாவுல நாலு வீடு அமையற வரைக்கும் பொறுக்கோணும். அவங்க ஊட்டி போனா, ஒடம்பு சரியில்லைன்னா அந்த மாசம் காசு இல்லை, அதனால மாசக் கட்டணமா, முன்பணமா வாங்கிப் பழகுங்க. ஆம்பளை டீச்சர்களுக்கு இந்த வேலை கம்மியாத்தான் வருது, வீட்டுல பொம்பளைங்க கத்துக்க கூப்பிடறது பொம்பளை டீச்சரைத்தான், ஆம்பளை டீச்சருங்க அந்த நேரத்துல கம்பெனி, போலீஸ், காலேஜ் பக்கம் முயற்சி பண்றாங்க.

ஆன்லைன் க்ளாஸ்ல நேரக் கணக்கு யாரும் மொதல்ல பாக்கறதில்ல. நம்ம சனங்க அமெரிக்கா, சிங்கப்பூர், துபாய்னு எங்கயும் இருக்காங்க, தமிழ்ல சொல்லித் தர்ற டீச்சர்னா ஆசையா வருவாங்க. ஆனா அமெரிக்கா கிழக்குக் கரைல ராத்திரி எட்டு மணின்னா கோடைல நமக்கு வெடியால அஞ்சரை, அது நம்ம உள்ளூர் பேட்சோட மோதும். துபாய்ல காலைல ஆறுன்னா நமக்கு ஏழரை, அதுவும் மோதும். சிங்கப்பூர்ல சாயந்தரம் ஏழுன்னா நமக்கு நாலரை, அந்த நேரம் எப்படியும் சும்மா கெடக்கற நேரம். நான் அதனாலதான் சிங்கப்பூர் பேட்ச் மட்டும் வெச்சிருக்கேன், ஆளுக்கு மாசம் 2,000. உள்ளூர் ஆளை விட்டுட்டு அமெரிக்கா ஆளைப் புடிச்ச ஒரு தோழி, அங்க குளிர்காலத்துக்கு கடிகாரத்த ஒரு மணி நேரம் மாத்தினப்போ பேட்சையே எழந்துட்டா, அதே எட்டு மணிக்கு இங்க ஆறரை ஆயிடுச்சு, குழந்தையக் கெளப்பற நேரம்.

மாசம் 40,000 தாண்டினவங்க என்ன பண்ணாங்கன்னு சொல்றேன். ஒருத்தர் திருப்பூர்ல, பனியன் கம்பெனிகளுக்கு போறாரு. டெய்லருங்க நாள் முழுக்க குனிஞ்சு உக்காந்து கழுத்தும் இடுப்பும் போயிடுது, ஷிஃப்டுக்கு முன்னாடி 20 நிமிஷம், நாற்காலியை விட்டு எந்திரிச்சு செய்யற மாதிரி, கம்பெனிக்கு மாசம் இவ்வளவுன்னு பேசி ஏழு கம்பெனி வெச்சிருக்காரு. ஆள் கணக்குல வாங்காம கம்பெனி கணக்குல வாங்கறதுதான் அதுல சூட்சுமம். இன்னொருத்தர் குழந்தைங்களுக்கு போட்டிக்கு சொல்லித் தர்றாரு. 2020 டிசம்பர்ல மத்திய விளையாட்டு அமைச்சகம் யோகாசனத்த போட்டி விளையாட்டா அங்கீகரிச்சதுலருந்து, மத்திய அரசு நடத்தற கேலோ இந்தியா போட்டி வரைக்கும் அது போயிடுச்சு, பெத்தவங்க நீச்சலுக்கும் செஸ்ஸுக்கும் அனுப்பற மாதிரி இதுக்கும் அனுப்பறாங்க. ஆனா அது கோச் வேலை, ஆறு வயசுக் குழந்தை முதுகை எவ்வளவு வளைக்கலாம், எங்க நிறுத்தோணும்னு தெரியாதவங்க தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க. சக்கரை, தைராய்டு, மூட்டுவலின்னு வர்றவங்களுக்கு சொல்லித் தர்றதும் அப்படித்தான், அதுக்கு தனியாப் படிக்கோணும், டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்தச் சொல்ற வேலை நம்முது இல்லை.

வரியப் பத்தி சுருக்கமா: வருஷ வரவு 20 லட்சம் தாண்டாத வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, நம்மள்ல பெரும்பாலானவங்க அந்தக் கோட்டுக்கு நெம்பக் கீழதான். தாண்டினவங்களுக்கு 2025 செப்டம்பர் 22லருந்து ஜிம், யோகா சென்டர் மேல இருந்த 18 சதவீதம் 5 ஆகியிருக்கு. அறக்கட்டளைகளுக்கு தனிச் சலுகை உண்டு, ஒரே தெருவுல அவங்க ஃபீஸும் உங்க ஃபீஸும் ஒண்ணா இருக்காததுக்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியா என்ற நோட்டையே தொறந்து காட்டிடறேன், போன மாசத்துக்கணக்கு. வெடியால ரெண்டு பேட்ச்ல 26 பேர், 31,200. ஒம்போது மணிக்கு மேல வயசானவங்க ரெண்டு வீடு, 14,400. சிங்கப்பூர் ஏழு பேர், 14,000. மொத்தம் 59,600. வாடகை 12,000, இப்ப முழு நேர ஹால்ங்க, கரண்டும் கூட்டற அம்மா சம்பளமும் சேத்து 3,000, பெட்ரோல் 2,000, நெட்டும் ஜூமும் 1,600, எனக்கு காய்ச்சல் வந்த நாலு க்ளாஸுக்கு வந்து எடுத்துக் குடுத்த பொண்ணுக்கு 1,600. நின்னது 39,400. பிஎஃப் இல்லை, மெடிக்கல் இல்லை, அதுக்கு நானே மாசம் 5,000 எடுத்து வெச்சிடறேன். ஆடி பொறந்தா எட்டு பேர் நோம்பிக்கு ஊருக்கு போறோம்னு இப்பவே சொல்லி வெச்சிருக்காங்க, சிங்கப்பூர்லருந்து ரெண்டு பேர் லீவுக்கு வர்றாங்க, அவங்க வந்தா நேர்ல ஹாலுக்கு வருவாங்க, அந்த மாசம் அவங்ககிட்டயும் 1,200தான்.